எந்த ஊர் நாலு மணி? – யாங்கோனிலிருந்து மோரே வரை

ஜனவரி 11, 2020, சனி – யாங்கோன்

மார்கழி பிறந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "இந்தப் பொங்கலுக்கு மோரே போறோம்." அம்மாவுக்கு வயது 74. மோரே, மணிப்பூரில் பர்மா எல்லையோரம் இருக்கும் ஊர். அங்கே இருப்பது அவர் தங்கை, என் சின்னம்மா. இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 2003-ல். அதற்கு முன் 1998-ல். 1966-ல் சின்னம்மா எங்கள் பெரிய மாமாவோடு ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், கப்பலேறியதற்குப் பிறகு மொத்தமே இரண்டு முறைதான்.

வழியில் உள்ள கலே வரை விமானத்தில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தக் காசுக்கு அவளுக்கு ஒரு மோதிரம் வாங்கலாம்" என்று வாயை அடைத்துவிட்டார். மோதிரமும் வாங்கவில்லை, விமானமும் இல்லை. பஸ்தான்.

மூட்டையில் இருந்தவை: காய்ந்த இறால் இரண்டு வீசை, லபெ என்கிற ஊறவைத்த தேயிலை நான்கு பொட்டலம், கன்னத்தில் அரைத்துப் பூசும் தனக்கா கட்டை ஒன்று, கைலி ஆறு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அம்மாவே இடித்துத் தாளித்த ஙாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது). வீசை என்று எழுதும்போது ஒரு குறிப்பு. பர்மாவில் இன்றும் மீனும் காயும் இந்த எடையில்தான் விற்கிறார்கள். ஒரு வீசை ஒரு கிலோ அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பர்மியர் பெய்த்தா என்பார்கள், வெள்ளைக்காரன் விஸ் என்று எழுதிவைத்தான். அவன் எழுதியது நம்ம வீசையைக் கேட்டுத்தான். தமிழ்நாட்டில் போன தலைமுறையோடு போய்விட்ட சொல், இங்கே மீன்காரி வாயில் தினமும் வேறு பெயரில் உயிரோடு இருக்கிறது.

பஸ் கிளம்பும்போது பணிப்பெண் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு பல்துலக்கி, ஒரு போர்வை கொடுத்தாள். வலது கையால் நீட்டி, இடது கையால் முழங்கையைத் தொட்டபடி. அம்மாவும் அதேபோல முழங்கையைத் தொட்டு வாங்கினார். திரையில் ஒரு பிக்குவின் பிரசங்கம். அது முடிந்ததும் காதல் பாட்டு. ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது.

ஜனவரி 12, ஞாயிறு – மண்டலே

விடிகாலை நாலரைக்கு மண்டலே. இறங்குவதற்கு அரைமணி முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி விட்டுக்கொடுத்திருந்தது. ஏசி பஸ்ஸில், மூடிய ஜன்னல்களுக்குள், ஙாப்பி.

முப்பது பேர் இருந்த பஸ்ஸில் ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பர்மியர் இதை 'அனாடே' என்பார்கள். அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்று தன் சங்கடத்தை விழுங்கிக்கொள்வது. முன் இருக்கைப் பெண்மணி மட்டும் இறங்கும்போது அம்மாவிடம், "நல்ல வாசனை, நீங்களே செய்ததா?" என்று கேட்டார். அது கிண்டலா பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மா பாராட்டாகவே எடுத்துக்கொண்டு செய்முறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டீக்கடையில் நான்-ரொட்டியும் அவித்த பட்டாணியும். இரண்டு பேருக்கு இரண்டு சாயாவோடு பர்மியப் பணம் 2,600 கியாட். மேசைமேல் வெறும் தேயிலைத் தண்ணீர் பிளாஸ்கில் எப்போதும்போல இலவசம். கடைப் பையனைக் கூப்பிட எல்லோரும் முத்தச் சத்தம் எழுப்புகிறார்கள். இதைத் தமிழ்நாட்டில் பழக்கதோஷத்தில் ஒருமுறை செய்து, என் சித்தப்பா மகன் அடி வாங்காமல் தப்பியது தனிக் கதை.

கலே பஸ் சாயங்காலம். அதுவரை பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஙாப்பி படிந்த ஆறு கைலிகளையும் குழாயடியில் அலசினேன். அதோடு மண்டலே முடிந்தது.

ஜனவரி 13, திங்கள் – கலே

மோன்யுவா தாண்டியதும் ரோடு ரோடாக இல்லை. இரவெல்லாம் மலையில் குலுக்கல். இருட்டில் ஓரிடத்தில் நிறுத்தி, "ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்" என்றார் நடத்துநர். அந்தப் பக்கம் என்றால் புதர். கைலி கட்டியிருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

கலேவாவில் பொழுது விடிந்தது. கலே வேறு, இது வழியில் வரும் இன்னொரு ஊர். மித்தா ஆறு சிந்த்வினில் வந்து சேரும் இடம். தண்ணீர்மேல் பனி மூட்டம் பால் ஆடை மாதிரி கிடந்தது. அம்மா விழித்துக்கொண்டு ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எங்கப்பா இங்கதான் திரும்பினாரு."

1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பினார்கள். ஒரு பெரும் கூட்டம் இந்த வழியாகத்தான் கலேவா, பர்மாவின் எல்லையூரான தமு, மணிப்பூரில் பாலெல், இம்பால் என்று நடந்தது. காலராவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். தாத்தா கலேவா வரை வந்து, காய்ச்சலில் படுத்து, ஒரு பர்மியர் வீட்டுத் திண்ணையில் பத்து நாள் கிடந்து, பிழைத்து எழுந்ததும் ரங்கூன் பக்கமே திரும்பி நடந்துவிட்டார். அதனால்தான் அம்மா பர்மாவில் பிறந்தார். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் நான் இதை ராமநாதபுரத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். எழுத என்ன விஷயம் இருந்திருக்குமோ.

கலேயில் மதியம் இறங்கினோம். ஊரில் சின் இனத்தவர் அதிகம், முட்டைக்கோஸும் அதிகம். விடுதி அறை 20,000 கியாட். வெந்நீர் கேட்டதற்கு வாளி வெந்நீருக்கு 500 தனி. தலைக்கு ஊற்றிக்கொண்டு இருவரும் ராத்திரி சாப்பாடுகூட இல்லாமல் தூங்கிப்போனோம்.

ஜனவரி 14, செவ்வாய், போகி – கலேயிலிருந்து தமு

130 கிலோமீட்டர் சொச்சம். மூன்று மணி நேரம் என்றார்கள். ஏழு மணி நேரம் ஆனது.

இந்த ரோட்டை இந்திய அரசு போட்டுக்கொடுத்து 2001-ல் திறந்தார்கள். ரோடு பரவாயில்லை. பாலங்கள்தான் பாட்டி காலத்தவை. பல இடங்களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, ஒருநேரத்தில் ஒரு வண்டி. இப்படி 69 பாலங்களை மாற்ற இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. மாற்றாத பாலம் ஒன்றின்மேல் ஒரு லாரியின் பின்சக்கரம் பலகைக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை. எங்கள் வேன் பதினோராவது.

வேனில் ஒன்பது பேர். கத்தே கிழவர் ஒருவர் இருந்தார். மணிப்பூர்க்காரர்களைப் பர்மியர் கத்தே என்பார்கள். இறங்கி மர நிழலில் உட்கார்ந்தோம். சாலையோரம் ஒரு சின்னப் பலகைக் கூரைக்கீழ் மண்பானையில் தண்ணீர், மேலே கவிழ்த்த குவளை. ஊர் பேர் தெரியாதவர்களுக்காக யாரோ தினமும் நிரப்பிவைப்பது. பர்மா முழுக்க இது உண்டு. நம்ம ஊர் தண்ணீர்ப்பந்தல் சித்திரைக்கு மட்டும், இது வருஷம் பூரா.

அந்த மூன்று மணி நேரக் காத்திருப்பில் எல்லைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அதில் ஒரு கிறுக்கு உண்டு. 2014-ல் ஒரு கல்யாணத்துக்காகக் கடலூர் போனபோது பிடித்தது. பஸ் தமிழ்நாட்டில் போகும், திடீரென்று புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு. கோடு எங்கே என்று யாரும் சொல்லவேண்டாம், சாராயக்கடைப் பலகை வந்தால் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் துண்டு துண்டாக வைத்திருந்ததை 1954-ல் அப்படியே துண்டு துண்டாக விட்டுப்போனான். அதற்குப் பிறகு இதே வேலையாகப் படித்தேன். வங்காளத்தில் கூச் பிகார் பக்கம் இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டுகள் 51, வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டுகள் 111. அதில் ஒன்று வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியா கணக்கில் மூன்றடுக்கு, வெங்காயம் மாதிரி. 2015 ஆகஸ்டு பிறந்தபோதுதான் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். இதே எல்லையில் வடக்கே போனால் நாகாலாந்தில் லோங்வா என்று ஒரு ஊர், அங்கே கொன்யாக் தலைவரின் வீட்டுக்குள்ளேயே இந்திய–பர்மா கோடு ஓடுகிறது.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வீட்டுக்குள்ள கோடு போனா புருஷன் பெண்டாட்டி சண்டையை எந்த ஸ்டேஷன்ல எழுதுவான்?" என்றார். பர்மிய மொழியில் கிழவருக்கும் சொன்னார். கிழவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பள்ளத்தாக்கே எங்களுடையது" என்றார். கபோ பள்ளத்தாக்கு. வெள்ளைக்காரன் 1834-ல் இதைப் பர்மாவின் ஆவா ராஜாவுக்குக் கொடுத்துவிட்டு, மணிப்பூர் ராஜாவுக்கு நஷ்டஈடாக மாதம் 500 சிக்கா ரூபாய் கொடுக்க ஒத்துக்கொண்டான். வாடகை மாதிரி. கிழவர் அந்தக் கணக்கை நேற்று நடந்த பாகப்பிரிவினை போலச் சொன்னார். சொல்லி முடித்ததும் தன் பொட்டலத்திலிருந்து ஒட்டரிசிச் சோற்றைப் பிரித்து முதல் பிடியை அம்மாவுக்குக் கொடுத்தார்.

தமுவில் இறங்கும்போது இருட்டு. சாப்பிட்ட கடையில் மேசைக்கு மேசை இரண்டு பணம். ஒருவர் கியாட் கொடுக்கிறார், ஒருவர் ரூபாய். நூறு ரூபாய்க்கு இரண்டாயிரம் கியாட் என்று கடைக்காரி விரலை மடக்காமலே கணக்குப் பார்த்தாள். நான் அத்தோ கேட்டேன். மெட்ராஸ் பர்மா பஜாரில் அத்தோ என்று விற்கும் நூடுல்ஸ் இதுதான். பர்மிய மொழியில் 'அதோ' என்றால் பிசைந்தது. இங்கே 'என்ன அதோ?' என்று திருப்பிக் கேட்பார்கள். பிசைந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் எப்படி?

ஜனவரி 15, புதன், பொங்கல் – மோரே

தமுவிலிருந்து மூன்றுசக்கர வண்டியில் நம்பலோங் சந்தை, ஆளுக்கு 1,000 கியாட். குளிர், பனி. அம்மா பட்டுப்புடவைமேல் என் ஸ்வெட்டரும், கன்னத்தில் தனக்காவுமாக இருந்தார்.

எல்லையைக் கடக்க இங்கே அப்போது இரண்டு வாசல். முதலாவது நட்புப் பாலம். பாஸ்போர்ட், விசாக்காரர்களுக்கு 2018 ஆகஸ்டிலிருந்து அதுதான் வழியாக இருந்தது. பாலத்தில் பாதிக்கு ஒரு நிறம், பாதிக்கு வேறு நிறம். அதைத் தாண்டும் வண்டி நடுவில் பக்கம் மாறவேண்டும். இந்தியாவில் இடது, பர்மாவில் வலது. பர்மாவிலும் ஒருகாலத்தில் இடதுதான். 1970 டிசம்பரில் ஒரே நாளில் வலதுக்கு மாற்றினார்கள். ஆனால் ஸ்டியரிங் மட்டும் இன்றும் பெரும்பாலான வண்டிகளில் பழைய பக்கமே இருக்கிறது. யாங்கோனில் பஸ்ஸை முந்தும் டாக்சியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

எங்களுக்கு இரண்டாவது வாசல். நம்பலோங் சந்தையின் கடைசிக் கடைக்குப் பிறகு ஒரு இரும்புக் கேட், அவ்வளவுதான். சீனப் போர்வை, பிளாஸ்டிக் செருப்பு, குடை, பிளாஸ்க் எல்லாம் இந்தியா பக்கம் போகிறது. பெட்ஷீட், மருந்து, சைக்கிள் இந்தப் பக்கம் வருகிறது. சுமக்கிறவர்கள் எல்லாம் பெண்கள். தலையில் தன் உயரத்துக்குச் சமமான மூட்டையோடு ஒருத்தி சர்வதேச எல்லையைத் தாண்டுகிறாள், வாயில் வெற்றிலை, கையில் போன்.

எல்லையிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் மலைவாழ் மக்கள் விசா இல்லாமல் போய் வரலாம், தங்கலாம் என்பது அப்போதைய விதி. நாங்கள் மலைவாழ் மக்களும் இல்லை, 16 கிலோமீட்டருக்குள்ளும் இல்லை. அடையாள அட்டையைக் கொடுத்துவைத்துவிட்டு ஒரு நாள் சீட்டு. இந்திய நேரம் நாலு மணிக்குள் திரும்பவேண்டும்.

பர்மா பக்கத்து எழுத்தர் அம்மாவின் அட்டையைப் பார்த்தார். இனம், மதம், அப்பா பெயர் எல்லாம் அதில் இருக்கும். பொங்கும் புன்னகையோடு, "வீட்டுக்குப் போறீங்களா, ஆன்ட்டி?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"வீட்டுல இருந்து போறேன்" என்றார் அம்மா.

கேட்டைத் தாண்டியதும் நேரம் ஒரு மணி பின்னால் போகிறது. பர்மா இந்தியாவைவிட ஒரு மணி முன்னால். காலை ஒன்பதுக்குத் தாண்டி எட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். என் போனில் ராத்திரியே சார்ஜ் தீர்ந்திருந்தது, விடுதியில் கரண்டும் இல்லை. அதனால் பொறுப்பாக, அம்மாவின் கைக்கடிகாரத்தை வாங்கி ஒரு மணி பின்னால் திருப்பிக் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி ஸ்கூட்டரோடு நின்றான். சின்னம்மா மகன், கடை வைத்திருக்கிறான். "பெரியம்மா" என்று காலைத் தொட்டான். போன் வந்தது, மணிப்புரியில் ஒருவரிடமும் இந்தியில் ஒருவரிடமும் பேசினான். சந்தைக்காரி ஒருத்தியைப் பர்மிய மொழியில் திட்டினான். பிறகு எங்களிடம் ராமநாதபுரத் தமிழ்.

மோரே தெருவில் இட்லிக்கடை இருக்கிறது, அதன் எதிரே மோஹிங்கா என்கிற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் கடை. சீக்கியர், மார்வாடி, நேபாளி, குக்கி, மெய்தேய் எல்லோரும் அப்போது இருந்தார்கள். தெருக்கோடியில் அங்காளபரமேஸ்வரி கோயில் கோபுரம். எங்கள் யாங்கோன் பக்கம் பீலிக்கானிலும் அங்காளம்மன்தான் என்பதால் அம்மாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நம்மாளு எங்க போனாலும் முதல்ல அவளைத்தான் குடிவைப்பான்" என்றார்.

சகோதரிகள் சந்தித்ததை நான் எழுதப்போவதில்லை. சின்னம்மா சொன்ன முதல் வாக்கியம்: "என்னக்கா இப்படி கறுத்துட்ட?"

பொங்கல் வாசலில் கொதித்துக்கொண்டிருந்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டேன். கத்தரிப்பூ நிறம். மணிப்பூர்க் கறுப்பரிசி. சாக்ஹாவோ என்கிறார்கள். வேகும்போது தண்ணீரெல்லாம் ஊதாவாகிவிடுகிறது. வெல்லம் போட்டதும் கருநாவல் நிறத்துக்குப் போய், நெய் ஊற்றியதும் பளபளவென்று. வாசனை தாழம்பூவுக்கும் வறுத்த கொட்டைக்கும் நடுவில் ஏதோ. "முதல் வருஷம் பச்சரிசி கிடைக்கல. இதைப் போட்டேன். அப்புறம் பச்சரிசி கிடைச்சும் மாமா இதைத்தான் கேட்டாரு" என்றார் சின்னம்மா. கூடவே புளிச்சக்கீரை, எங்கள் காய்ந்த இறாலைப் போட்டு. நல்லவேளை, இறால் பையில் ஙாப்பி படவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே கதை. தெரிந்த கதைதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு புது விவரம் வரும். ராணுவத் தளபதி நே வின் 1962-ல் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவின் அரிசி மண்டிச் சாவியை ஒரு அதிகாரி ரசீது எழுதிக்கொடுத்து வாங்கிப்போனார். அம்மாவுக்குக் கல்யாணமாகியிருந்தது, அப்பா கிளம்ப மறுத்தார், அம்மா தங்கிவிட்டார். சின்னம்மா மாமாவோடு மெட்ராஸ் போய் முகாமில் இருந்தார். மொழி ஒன்றுதான், மற்றதெல்லாம் அந்நியம். "கைலி கட்டிக்கிட்டு குழாயடிக்குப் போனா சிரிப்பாங்க."

அப்போதுதான் ஒரு பேச்சு கிளம்பியது. மணிப்பூர் வரை ரயிலிலும் லாரியிலும் போய், அங்கிருந்து நடந்தால் பர்மா. தாத்தா தலைமுறை நடந்து வந்த வழியிலேயே திரும்பி நடப்பது. பல குடும்பங்கள் கிளம்பின. 1967-ல் சின்னம்மா இருந்த கூட்டமும்.

"தமு வரைக்கும் வந்துட்டோங்கா. தமு பகோடா மணிச் சத்தம் கேட்டுச்சு. பர்மாக்காரன் பட்டாளம் பிடிச்சு, ரெண்டு நாள் வச்சிருந்து, சோறு போட்டு, திருப்பி இங்க கொண்டாந்து விட்டுட்டான். நல்லவன்தான், அடிக்கல்லாம் இல்ல. திரும்பி மெட்ராஸ் போகக் காசு கிடையாது. மாமா சொன்னாரு, இங்கயே உக்காருவோம், ஒரு நாளைக்குத் திறப்பான்னு."

அந்த 1967 மார்ச்சில்தான் ரங்கூனில் இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1,643 கிலோமீட்டர். 1937 வரை பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஒரு மாகாணம். தாத்தா வந்தபோது ஒரே ராஜ்ஜியத்துக்குள் ஊர் மாறினார். மகளுக்கு அது வெளிநாடாகியிருந்தது. திறப்பான் என்று உட்கார்ந்தவர்களும் சேர்ந்து மோரே வளர்ந்தது. முறையான எல்லை வணிகம் 1995-ல்தான் தொடங்கியது. அதற்குள் மாமா இறந்துவிட்டார். 90-களில் நாகா–குக்கி இனமோதலில் பயந்து பல தமிழ்க் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கே கிளம்பின. "நம்ம தெருவுல பாதி வீடு இப்ப வேற ஆளுங்க" என்றார் சின்னம்மா. ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அக்கா எந்தப் பக்கம் இருக்கா?" என்று என்னையே கேட்டார்.

அம்மாவின் கடிகாரத்தைப் பார்த்தேன். 3:35.

"எந்திரிங்க, எந்திரிங்க!" என்றேன். சின்னம்மா, "இரு பாப்பா, நேரம் இருக்கு, வடை போடறேன்" என்றார். எந்த வீட்டில்தான் விருந்தாளியிடம் நேரம் இல்லை என்று சொல்வார்கள்? நான் நம்பவில்லை. தம்பி கடைக்குப் போயிருந்தான். இரண்டு கிழவிகளையும் பிரித்து, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, அவர் வாயில் பாதிப் பொங்கலோடு, கேட்டுக்கு விரட்டினேன். சீட்டைக் கொடுத்து, அட்டையை வாங்கி, மூச்சு வாங்க நம்பலோங் பக்கம் வந்து எழுத்தரின் அறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 3:50. பர்மா நேரம்.

"அம்மா, கடிகாரத்தை என்ன பண்ணீங்க?"

"கோயில்ல வச்சு சரி பண்ணிட்டேன். நீ தப்பா வச்சிருந்தியே."

ஆக, இந்திய நேரம் மூன்றுகூட ஆகவில்லை. ஒரு மணி பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. திரும்பப் போகலாமா என்று கேட்டேன். இனிமேல் இன்றைக்குப் புதுச் சீட்டு இல்லை என்று எழுத்தர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அவர் தப்பு ஒன்றும் இல்லை. என்னுடையதுதான்.

கடைக்காரர் ஒருவரின் போனில் தம்பியைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷத்தில் சின்னம்மா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார், மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்புக்கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார். இந்தப் பக்கம் போர்வைக் கடைக்காரி அம்மாவுக்கு ஒரு மூட்டையைக் காட்டினாள். நடுவில் இருபதடி, ஒரு கேட், இரண்டு நாட்டுச் சிப்பாய்கள், தலைச்சுமைப் பெண்கள். கத்திக் கத்திப் பேசினார்கள்.

"லபெயில உப்பு ஜாஸ்தியா?"

"என்னது?"

"உப்பு! உப்பு!"

"முட்டிக்கு என்ன தைலம் போடற?"

இதுதான் பேச்சு. ஒரு மணி நேரமும் இதுதான். சந்தை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கேட்காததற்கும் இருவரும் தலையாட்டினார்கள். ஒரு சுமைக்காரப் பெண் போகிறபோக்கில் தூக்கை அங்கே வாங்கி இங்கே கொடுத்தாள். உள்ளே மிச்சப் பொங்கல், மேலே வாழையிலையில் ஆறு வடை, சூடாக.

இந்திய நேரம் நாலு. கேட்டைச் சாத்தினார்கள்.

ஜனவரி 16, வியாழன் – தமு

மாட்டுப்பொங்கல். மதியம் கலேவுக்கு வேன். காலை ஆறு மணிக்கே அம்மா குளித்து, தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும்."

"அடுத்த தடவை கொடுக்கலாம்மா." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா பதில் சொல்லவில்லை. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்பதால் தமு சந்தைக்குப் போனோம். பனைவெல்ல உருண்டை அரை வீசை, 900 கியாட். வறுத்த எள் கொஞ்சம். அம்மா பேரம் பேசாமல் வாங்கியதை நான் பார்த்தது அநேகமாக முதல்முறை.

மறுபடி மூன்றுசக்கர வண்டி, மறுபடி நம்பலோங். புதுச் சீட்டு வாங்கிப் போய்வர வேன் நேரம் இடம் கொடுக்கவில்லை. நேற்றைய சுமைக்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். பச்சைத் துண்டைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். விலாசம் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும், கறுப்புப் பொங்கல் அம்மா வீடு" என்றாள் பர்மிய மொழியில்.

ஐம்பது ரூபாய் கேட்டாள். முப்பது என்றேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு ஐம்பதைக் கொடுத்தார். அவள் தலைமூட்டையின் உச்சியில் தூக்கை வைத்து ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தாள். கேட்டில் சிப்பாய் மூடியைத் திறந்து பார்த்தார், ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு மூடினார்.

வேன் கிளம்பும்போது தம்பி போன் செய்தான். தூக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஏழு உருண்டை.

"எட்டு வாங்கினோமே" என்றார் அம்மா.